ஐந்து வருட வாடகையை இன்றே கொடுக்கலாமா?

பெல்மதுளை டவுனில் கடை எடுக்கப் போகும் ஒருவர் என்னிடம் கேட்ட கணக்கு இது. வருட வாடகை 360,000 ரூபா, ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் கட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்கு 18 இலட்சம். ஒரேயடியாகத் தந்தால் 15 இலட்சம் போதும் என்கிறாராம் உரிமையாளர். மூன்று இலட்சம் இலாபம்தானே?

இலாபமில்லை என்பதே என் கருத்து. ஐந்தாம் வருட வாடகையை இன்றே கொடுத்துவிட்டால், நான்கு வருடம் சரக்காக நின்று உழைக்க வேண்டிய பணம் கைவிட்டுப் போகிறது. உங்கள் வியாபாரத்தில் முதலுக்கு வருடம் 15 வீதம் நிகர இலாபம் வருமென்றால், 360,000 ஐ 1.15 ஆல் நான்கு தடவை பிரியுங்கள். 206,000 அளவில் வரும். அந்த வாடகையின் இன்றைய பெறுமதி அவ்வளவுதான். ஐந்து வருடத்தையும் இப்படிக் கூட்டினால் 1,388,000. பதினைந்து இலட்சம் கொடுப்பவர் ஒரு இலட்சத்துக்கு மேல் இழக்கிறார்.

‘வட்டிக் கணக்கு எமக்கெதற்கு’ என்று சிலர் ஒதுங்குவதுண்டு. இங்கே யாரும் வட்டி வாங்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. வங்கி வீதத்தை விட்டுவிட்டு உங்கள் கடையின் இலாப வீதத்தைப் போடுங்கள். வியாபாரிக்குப் பொருத்தமான வீதமும் அதுவே.

வாடகை வருடாவருடம் 10 வீதம் கூடும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கதை மாறும். அப்போது இன்றைய பெறுமதி 1,650,000. பதினைந்து இலட்சம் மலிவு! எனவே அந்த ஒரு வரியைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகையைப் பாருங்கள். 1992 முதல் 2045 வரை 53 வருடம். ஆரம்பத்தில் ஒரு தோட்டத்துக்கு வருடம் 500 ரூபா என்ற பெயரளவு வாடகை. பின்னர் அது பெருமளவு உயர்த்தப்பட்டு, பணவீக்கத்துக்கேற்ப கூடும்படியும் திருத்தப்பட்டது. 2019 முதல் அமுலிலுள்ள கணக்கீட்டு நியமத்தின்படி, இனிக் கட்டவுள்ள குத்தகையின் இன்றைய பெறுமதியை இக்கம்பனிகள் ஐந்தொகையில் கடனாகக் காட்ட வேண்டும். அதே கணக்கை நாம் ஒரு துண்டுக் கடதாசியில்கூடப் போடுவதில்லை.

உரிமையாளர்களும் யோசிக்கட்டும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியபோது, மாறாத வாடகைக்குக் கடையைக் கொடுத்திருந்தவர்களின் வருமானம் கரைந்து போனது.

முற்பணமாகக் கொடுப்பதென்றே முடிவானால், நொத்தாரிசு முன் உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதியுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் நொத்தாரிசு உறுதியைக் கேட்கிறது. முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டு அதற்கு ஈடாகாது.