அடி வாங்கும் கட்டை

படகு கட்டுகிற தச்சரைவிட நேர்மையான உற்பத்தியாளர் இன்று நம் நாட்டில் இல்லை என்பது என் கட்சி. தொழிற்சாலைக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபித்துக்கொள்ளட்டும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போவதில்லை. மீன் இனம் பெருகுவதற்காக விதித்த 61 நாள் தடை அது. சென்னைக் காசிமேட்டில் அந்த இரண்டு மாதமும் ரிப்பேர் மாதங்கள். அப்போது கரையேற்றி வைத்த மரப் படகைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். விலாப்புறத்தில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, அணியத்திலிருந்து பின்கோடி வரை ஒரு தடித்த கட்டை வெளியே துருத்திக்கொண்டு ஓடும். அழகுக்காக வைத்ததல்ல; அடி வாங்குவதற்கென்றே வைத்தது. துறைமுகத்தில் இடநெருக்கடி. படகோடு படகு தோள் உரசிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அலை தூக்கிப் போடும்போதெல்லாம் பக்கத்துப் படகின் மீதோ சிமெண்டுச் சுவரின் மீதோ மோதியே தீரும். அந்த மோதலையெல்லாம் இந்தக் கட்டை வாங்கிக்கொள்ளும். உள்ளேயிருக்கிற பலகை பிழைத்துக்கொள்ளும்.

கட்டை தேய்ந்து நார் நாராய்ப் பிளந்த பிறகு தச்சர் வருகிறார். துருவேறிய போல்ட்டுகளை அறுத்துவிட்டுப் பழைய கட்டையை நெம்பிக் கழற்றுகிறார். அதன் அடியில் தண்ணீர் தங்கிப் பலகை உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார். பழைய துளைகளில் மர ஆப்பு அடித்து அடைக்கிறார். அதற்குப் பிறகுதான் புதுக் கட்டை. முழு நீளத்துக்கும் ஒரே மரம் அல்ல. துண்டு துண்டாக, முனைகளைச் சாய்வாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி சேர்க்கிறார். அடுத்த தடவை ஒரு துண்டு உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும்.

இதில் அடங்கியிருக்கிற ஒழுக்கத்தைக் கவனியுங்கள். செய்கிறவரே, “இந்தச் சாமான் அடிபடும்” என்று முன்கூட்டி ஒப்புக்கொள்கிறார். எங்கே அடிபட வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்து, அந்த இடத்தைக் கழற்றி மாற்றும்படி செய்து கொடுக்கிறார். இது நமக்குப் புதிதும் அல்ல. உலக்கைக்குப் பூண் போட்டோம். மாட்டுக்கு லாடம் அடித்தோம். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டினோம். அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் வீட்டுப் பட்டுப்புடவையின் அடியில் தைத்திருக்கும் ஃபால்ஸ் என்ன? தரையில் உரசித் தேய்வதற்கென்றே வைத்த துணி அது. பத்தாயிரம் ரூபாய்ப் புடவையைச் சொற்ப விலைத் துண்டு காப்பாற்றுகிறது.

இனி கடற்கரையை விட்டு மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வாருங்கள். உடையவர் அவதரித்த ஊர். 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2006ல் நோக்கியா டெலிபோன் வந்தது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் வந்தது. இன்று அந்த வட்டாரம் முழுவதும் தொழிற்சாலைகள்தாம். இதனால் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். அதை மறுக்கிறவன் அல்ல நான்.

நோக்கியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நகத்தால் முதுகு மூடியைத் திறந்து, பாட்டரியை நீங்களே மாற்றினீர்கள். கீழே விழுந்தால் மூன்று துண்டாகத் தெறிக்கும். பொறுக்கிச் சேர்த்தால் பேசும். அந்த ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது. இப்போது நம் சட்டைப் பையில் இருப்பது, பெரும்பாலும், பசை போட்டு ஒட்டிய கண்ணாடிப் பெட்டி. பாட்டரி கிழடு தட்டினால் சூடு காட்டிப் பசையை இளக்கித்தான் திறக்க வேண்டும். நான் அப்படி ஒன்றை ஒரு சேவை நிலையத்துக்கு எடுத்துப் போனேன். முதுகுக் கண்ணாடி மட்டுந்தான் விரிசல். “இந்தக் காசுக்கு நீங்கள் புதிதே வாங்கிவிடலாம், சார்” என்றார் அந்த இளைஞர், எனக்கு நன்மை சொல்வதாக நினைத்துக்கொண்டு.

தண்ணீர் புகாமலிருக்கத்தான் ஒட்டுகிறோம் என்பார்கள். தண்ணீரைப் பற்றி யாரிடம் பேசுகிறோம்? உப்புத் தண்ணீரிலேயே குடியிருக்கிற படகுக்குப் போல்ட்டும் நட்டும் போதுமாயிருக்கிறது! கைக்கடிகாரத்தின் பின்மூடிக்கு ஒரு ரப்பர் வளையமும் திருகும் எத்தனையோ காலமாய்ப் போதுமாயிருக்கின்றன. செய்ய முடியாது என்பதல்ல விஷயம். செய்தால் அடுத்த வியாபாரம் தாமதப்படும் என்பதுதான். பிரான்சில் 2021 முதல் சில சாமான்களின் மேல், ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போட்டு விற்கவேண்டும் என்று சட்டம் வந்தது. 2027 பிப்ரவரி முதல் டெலிபோன் போன்ற கையடக்கச் சாதனங்களின் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் பொதுவிதி செய்திருக்கிறது. நம் அரசாங்கம் 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்காக இணையத்தில் ஒரு தளம் திறந்தது. தகவல் கிடைக்கும், சந்தோஷம். ஆனால் தகவல் பசையை இளக்காது.

குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. கார் வாங்கி ஒரு வருஷமாகியும் இருக்கையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காதவர்கள் நாம். இடி தாங்குவதற்காக ஏற்பட்ட பம்பருக்குக் கண்ணாடி போல வர்ணம் பூசச் சொல்லிவிட்டு, அதில் ஒரு கீறல் விழுந்தால் நடுத்தெருவில் சட்டையைப் பிடிக்கிறோம். ஒரு கீறலுக்காக முழு உறையையும் மாற்றுகிறோம். காசிமேட்டில் கட்டையில் கீறல் விழுந்ததென்று எவரும் சண்டைக்குப் போவதில்லை. கீறல் விழத்தானே அது இருக்கிறது!

இவ்வளவும் சாமானைப் பற்றியது. என் பெரிய சண்டை வேறு.

அடி வாங்க ஒரு கட்டை வைத்து, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் அந்த யோசனையைத் தொழிற்சாலை உலகம் முற்றிலும் மறந்துவிடவில்லை. சாமானில் கைவிட்டதை மனிதர்களில் வைத்துக்கொண்டது. நிரந்தரத் தொழிலாளி என்ற பலகைக்கு வெளியே, ஒப்பந்தத் தொழிலாளி என்று ஒரு கட்டை. கிராக்கி குறைந்தால் முதல் அடி அவனுக்கு. தேய்ந்தால் இன்னொருவன். தொடர்ந்து நடக்கிற வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்ய அரசாங்கத்துக்கு 1970லேயே ஒரு சட்டம் அதிகாரம் கொடுத்தது. அதற்குப் பின்னும் கட்டையின் நீளம் குறையவில்லை. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டினால் நோயுற்ற தோழிகளுக்காகத் தொழிலாளிப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். கார்கள் நின்ற பிறகுதான், அவர்கள் எங்கே படுக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று நாட்டுக்குத் தெரிந்தது.

மரத்துக்கு நோகாது, மனிதனுக்கு நோகும். அதனால்தான் படகில் நியாயமாயிருக்கிற யோசனை இங்கே அநியாயமாகிறது. மாற்ற வேண்டியதை ஒட்டிவைத்து, ஒட்டி வாழ வேண்டியவனைக் கழற்றும்படி வைத்திருக்கிறோம்.

அடுத்த தடவை கடைக்குப் போனால் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது அடிபட்டால் எந்தத் துண்டை மாற்றுவீர்கள்?” சாமானைப் பற்றி விற்பனைக்காரர் ஏதாவது சொல்வார். செய்தவனைப் பற்றி அவர் பதில் சொல்ல மாட்டார். அந்தக் கேள்வியை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்க வேண்டும்.