சுற்றாத காற்றாலைகள்!

காற்று பலமாக வீசுகிறது. காற்றாலை சுற்றத் தயாராக நிற்கிறது. "சுற்றாதே!" என்று உத்தரவு வருகிறது!

இது கதை அல்ல. சீனாவின் வட மேற்கே உள்ள கான்சு மாகாணத்தில் நடந்தது.

கோபி பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது, ஜியூசுவான். காற்றுக்குப் பஞ்சமே இல்லாத பிரதேசம். அங்கே ஆயிரக்கணக்கில் ராட்சதக் காற்றாலைகளை நிறுவினார்கள். பலன்? 2016ஆம் ஆண்டில், கான்சு காற்றாலைகள் கொடுத்திருக்கக்கூடிய மின்சாரத்தில் 100க்கு 43 பங்கு வீணாயிற்று!

காரணம் என்ன?

மாகாணத்தின் தேவை கொஞ்சம்தான். மின்சாரம் வேண்டிய பெரிய நகரங்களோ கிழக்கே வெகு தூரத்தில் இருக்கின்றன. நெல் என்றால் மூட்டை கட்டி வைக்கலாம். மின்சாரம் உடனே கம்பி வழியே போயாக வேண்டும். அந்தக் கம்பி அங்கே போதவில்லை.

பிறகு கம்பி போட்டார்கள். ஜியூசுவானில் இருந்து ஹூனான் மாகாணம் வரை 2,383 கிலோ மீட்டர்! 8 லட்சம் வோல்ட் மின்பாதை. 2017ல் அது வேலை செய்யத் தொடங்கியது.

அப்படியும் தொல்லை உடனே தீரவில்லை. வெளியூர் மின்சாரத்துக்காக உள்ளூர் நிலக்கரி மின் நிலையத்தை நிறுத்த யாருக்கு மனம் வரும்? 2019ல்தான் வீணாவது 8 பங்குக்குக் கீழே இறங்கியது.

இப்போது உலகம் முழுவதற்கும் இதே சோதனை.

சூரிய மின் தகட்டின் விலை, 2010 முதல் 2020க்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. "2030க்குள் 120 கோடி கிலோவாட் சூரிய, காற்று மின் நிலையங்களை அமைப்போம்" என்று சீனா 2020ல் அறிவித்தது. 2024லேயே முடித்து விட்டது! நீர், காற்று, சூரியன் முதலியவற்றால் இயங்கும் மின் நிலையங்களின் திறனை 2030க்குள் மூன்று மடங்காக்க வேண்டும் என்று, 2023ல் துபாய் மாநாட்டில் உலக நாடுகள் முடிவு செய்தன.

பாட்டரிகளும் மலிவாகி வருகின்றன. பகல் வெயிலைச் சேமித்து, மாலையில் விளக்கு எரிக்கிறது கலிபோர்னியா. ஆனால், 2,000 கிலோ மீட்டர் தூரத்தைப் பாட்டரி தாண்டுமா?

அதற்குக் கம்பிதான் வேண்டும். சர்வதேச எரிசக்தி ஏஜென்சி 2023ல் ஒரு கணக்கு எடுத்தது. 300 கோடி கிலோவாட்டுக்கு மேற்பட்ட திட்டங்கள், மின்பாதையில் இணைப்புக் கேட்டு 'கியூ'வில் நின்றன! சூரிய மின் நிலையம் ஐந்து ஆண்டுக்குள் எழுந்து விடுகிறது. மின்பாதைக்கோ 15 ஆண்டுகூட ஆகிறது. வழி நெடுக நிலக்காரர்கள் சம்மதிக்க வேண்டுமே!