மேட்டுக்கு எந்த எஞ்சின்?

"மலை ஏற வேண்டுமென்றால் டீசல்தான்!" இது என் பெரியப்பாவின் தீர்ப்பு. "அந்தச் சத்தமும் புகையும் யாருக்கு வேண்டும்? பெட்ரோலுக்கு ஈடு உண்டா?" இது நாமக்கல்லில் இருக்கும் என் மாமாவின் மறுப்பு. பெரியப்பா கொல்லிமலையில் அன்னாசியும் மிளகும் ஏற்றி இறக்கும் டீசல் ஜீப்பில் முப்பது ஆண்டுகள் பழகியவர். மாமா சமவெளியில் சிறிய பெட்ரோல் கார் ஓட்டுபவர். இருவர் சொல்வதும் உண்மையே. ஆனால் அவரவர் சாலைக்கு மட்டுமே உண்மை என்பது என் எண்ணம்.

காரவள்ளியிலிருந்து மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஏறக்குறைய நின்று, லோடோடு மறுபடி எழ வேண்டும். அங்கே தேவை வேகமன்று; மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கும் இழுவைத் திறன். ருடால்ஃப் டீசல் 1897-இல் இயக்கிக் காட்டிய எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை மிகுதியாக அழுத்த, அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். இந்த உயர் அழுத்தத்துடன் இக்காலத்து டர்போவும் சேர்வதால், குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை கிடைக்கிறது. பெரியப்பா பௌதிகம் படித்தவரல்லர். இந்த உண்மையைக் காலாலும் காதாலும் கற்றவர்.

ஒருமுறை மாமாவின் கார் மலையில் திணறியது. "வண்டியில் ஏதோ கோளாறு" என்றார். கோளாறு எதுவுமில்லை. 1200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் அதற்கேற்பக் குறையும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, சற்று ரேஸ் கொடுத்து ஏறினால் போதும். அடுத்த முறை அப்படியே செய்தார், கார் ஏறியது.

பட்டறிவு பெரிது, ஆனால் காரணம் மறைந்த பின்னும் பழக்கம் நிலைத்துவிடுவதுண்டு. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சம் என்பார் பலர். இக்கால இஞ்செக்ஷன் எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் வருவது பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் சும்மா ஓடவே எரிபொருள் வேண்டும். அதோடு வண்டியைப் பிடித்து இறக்க எஞ்சினின் துணையும் இராது. பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். மிச்சமும் இல்லை, உயிருக்கும் உறுதியில்லை!

டீசல் மோகத்துக்கு விலையும் ஒரு காரணம். டீசல் விலையின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது. பழைய பெரிய விலை வித்தியாசம் இன்று இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதிகள் வந்தபோது மாருதி சுசூகி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது.

இன்று மூன்றாவதாக மின்மோட்டார் வந்திருக்கிறது. நின்ற நிலையிலேயே அது முழு இழுவையையும் தரும். பெரியப்பா டீசலிடம் விரும்பிய குணமும் அதுதானே? இறக்கத்தில் அது மின்சாரத்தைத் திரும்பவும் தரும். 1500 கிலோ எடையுள்ள வண்டி 1000 மீட்டர் இறங்கினால், கணக்குப்படி வெளிப்படும் ஆற்றல் சுமார் 4 யூனிட். அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். ஆனால் மலையுச்சியில் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு புறப்பட்டால், திரும்பி வருவதை ஏற்க அதில் இடமிராது. இதுவும் புதிதாகக் கற்க வேண்டிய பாடமே.

பெரியப்பாவின் மகன் இப்போது கடன் வாங்கி லோடு வண்டி எடுக்கப் போகிறார். தவறாகத் தேர்ந்தால் தவணை முடியும் வரை குடும்பமே சுமக்க வேண்டும். "டீசலே எடு" என்கிறது வீடு. "மின்வண்டிதான் எதிர்காலம்" என்கிறார்கள் நண்பர்கள். நான் சொல்வது வேறு: இரண்டிலும் லோடு ஏற்றி, 70 வளைவுகளும் ஏறி இறங்கிப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். ஓட்டிப் பார்க்க வேண்டியவர் பெரியப்பா. அருகில் அமர்ந்து கணக்கெழுத நான் இருக்கிறேன்.

பட்டறிவும் படிப்பறிவும் ஒரே வண்டியில் அமர்ந்து போகட்டும், நண்பர்களே! தீர்ப்பை மலைப்பாதை சொல்லும்.