குலக்கதை இருக்கிறது, சொந்தக் கதை எங்கே?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 20 நெருங்கும்போதும், செப்டம்பர் 1 நெருங்கும்போதும் சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரத்தில் காவல்துறை வண்டிகள் பெருகிவிடுகின்றன. முன்னது ஒண்டிவீரன் நினைவு நாள், பின்னது பூலித்தேவன் பிறந்த நாள். நெற்கட்டும்செவலை ஆண்ட பூலித்தேவனும் அவர் படையில் தளபதியாக நின்ற ஒண்டிவீரனும் ஒரே அணியில் நின்று ஒரே எதிரியோடு மோதியவர்கள். அவர்களை நினைவுகூர இன்று சாதிக்கு ஒன்றாக இரண்டு தேதிகள், இரண்டு கூட்டங்கள், நடுவில் காவல் தடுப்புகள். இரண்டு வீரர்களுக்கும் உரிய மரியாதையைச் செலுத்த வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. கவலை தருவது, அந்தக் கூட்டங்களுக்கு வரும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் நிலை. ‘நான் யார்’ என்ற கேள்விக்கு அவர்கள் கையில் நாம் கொடுத்திருப்பது ஒரே ஒரு கதை. அதுவும் அவர்கள் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்த கதை. தன் வாழ்க்கையைத் தன் சொல்லில் சொல்லிப் பார்க்க அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் விடுவதால் அவர்கள் முழு மனிதராக வளர்வது தடைப்படுகிறது என்பதே என் வாதம்.

இதற்கு உளவியலில் வலுவான ஆதாரம் உண்டு. மனித வளர்ச்சியை எட்டுப் படிகளாகப் பிரித்து 1950-இல் எழுதிய எரிக் எரிக்சன், வளரிளம் பருவத்தின் தலையாய வேலை ‘நான் யார்’ என்பதற்கு விடை தேடுவதுதான் என்றார். நடுவயதில் அந்த விடை அடுத்த தலைமுறை மீதான அக்கறையாக மாற வேண்டும். முதுமையில் வாழ்ந்த வாழ்வை ஏற்றுக்கொள்ளும் நிறைவாக மாற வேண்டும் என்பது அவர் கருத்து. அமெரிக்க உளவியலாளர் டான் மெக்ஆடம்ஸ் 1980-களில் இதை மேலும் கொண்டுசென்றார். ஒருவர் தன் கடந்த காலத்தையும் எதிர்காலத்தையும் கோத்து மனத்துக்குள் வைத்திருக்கும் கதையே அவருடைய அடையாளம் என்பது அவர் முடிவு. சிறு குழந்தைக்கும் நினைவுகள் உண்டு. ஆனால் ‘அன்று அது நடந்தது, அதனால் நான் இப்படி ஆனேன்’ என்று காரணம் சேர்த்துத் தன் வாழ்வைச் சொல்லும் திறன் வளரிளம் பருவத்தில்தான் உருவாகிறது என்று உளவியலாளர்கள் ஹேபர்மாஸும் புளக்கும் 2000-இல் விளக்கினார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான காலம் என்று வைத்துக்கொள்ளலாம். கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு ஏறுவதும் அதே வயதில்தான். காலியாக இருக்கும் இடத்தில் கிடைத்த கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சொந்தக் கதை ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்குத் தமிழில் உ.வே.சாமிநாதையரைவிட நல்ல சான்று இல்லை. 1880-இல் அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, அவ்வூர் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அதில் எதையும் பெரிதாக மதிக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இளம் ஆசிரியர் ஒருவர் இதை அவமானமாக எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் புழுங்கியிருக்கலாம். உ.வே.சா. அப்படிச் செய்யவில்லை. சிந்தாமணி சமண நூல். சைவ மடத்தின் நிழலில் படித்தவருக்கு அதன் சமயக் கருத்துகள் பிடிபடவில்லை. கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப்போய்ப் பணிவோடு கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் அவர் பதிப்பில் சிந்தாமணி அச்சேறியது. 1940-இல், 85 வயதை எட்டும் நிலையில், ஆனந்த விகடனில் ‘என் சரித்திர’த்தைத் தொடராக எழுதத் தொடங்கியபோது, அந்த ஒரு சந்திப்பையே தன் வாழ்வின் திருப்பமாகக் காட்டினார். தான் பிறந்து வளர்ந்த வட்டத்துக்கு வெளியே கால் வைத்த நாளை ஒருவர் தன் கதையின் நடுவில் நிறுத்துகிறார். குலப்பெருமைக் கதையில் இப்படி ஒரு நாளுக்கு இடமே இருக்காது.

‘சொந்தக் கதையைப் பேசச் சொன்னால் பிள்ளைகள் சமூகத்தை மறந்து தன்னலக்காரர்கள் ஆகிவிட மாட்டார்களா? ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கூட்டு நினைவுதானே பலம்?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சிவகிரிக்கு வடக்கே, இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் தாண்டி வத்திராயிருப்புப் பக்கம் இருக்கிறது. அங்கே புதுப்பட்டியில் பிறந்த எழுத்தாளர் பாமா, ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யும் கனவோடு கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதியைக் கண்டு, வெளியே வந்தார். கையில் வேலையோ சேமிப்போ இல்லாத அந்த நாள்களில் எழுதியதுதான் 1992-இல் வந்த ‘கருக்கு’. அதில் ஓர் இடம். ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நிலவுடைமையாளரிடம் கொடுக்கிறார். பார்த்த சிறுமி பாமாவுக்குச் சிரிப்பு வருகிறது. தொட்டால் தீட்டு என்பதற்காக அப்படித் தூக்கினார் என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு நின்று கோபம் வருகிறது. வளர்ந்த பெண் அந்த நினைவை மறுபடியும் எடுத்துப் பார்க்கும்போது அதுவே அவர் எழுத்தின் வேராகிறது. தன் ஒருத்தியின் கதையை நேர்மையாகச் சொன்னதால்தான் அது ஆயிரக்கணக்கானோரின் கதையாயிற்று. நூல் வந்தபோது சொந்த ஊரிலேயே கோபம் கிளம்பி, சில காலம் ஊர்ப்பக்கம் போக முடியாத நிலையும் அவருக்கு ஏற்பட்டது. சமூகத்தோடு மோதியும் சமூகத்தை விட்டுவிடாமல் இருக்கச் சொந்தக் கதையால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

நினைவை நம்ப முடியாது என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான், நினைவு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறித்தான் வரும். ஆனால் நீதிமன்றச் சாட்சியத்துக்குத் தேவையான துல்லியத்தை இங்கே நாம் கேட்கவில்லை. பழைய நிகழ்ச்சிக்கு இன்று என்ன பொருள் காண்கிறோம் என்பதுதான் இங்கே வேலை செய்கிறது. நன்றாக இருப்பவர்கள் நல்லபடியாகக் கதை சொல்கிறார்கள், கதையால் யாரும் நன்றாவதில்லை என்றும் வாதிடலாம். உளவியல் சிகிச்சைக்கு வந்த 47 பேரைத் தொடர்ந்து கவனித்து ஜோனதன் ஆட்லர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிராக இருக்கிறது. ‘என் வாழ்க்கையில் எனக்கும் பிடிமானம் உண்டு’ என்ற தொனி முதலில் அவர்கள் எழுதிய கதைகளில் வந்தது. மனநலம் அதற்குப் பிறகு மேம்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் எது முந்தியது என்பதைக் காட்டுகிறது. எல்லாருக்கும் வாழ்க்கையைக் கதையாகப் பார்க்கும் இயல்பு கிடையாது என்று தத்துவவாதி கேலன் ஸ்டிராசன் 2004-இல் வாதிட்டார். அதை நான் ஏற்கிறேன். ஆகவே யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

மிகக் கனமான மறுப்பு வேறு. சாதி வன்முறை நிலத்திலும் அதிகாரத்திலும் வேரூன்றியது. கட்டுரைப் போட்டி வைத்து அதை ஒழிக்க முடியுமா? முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, வகுப்பில் அகரவரிசைப்படி உட்காரவைப்பது உள்ளிட்ட அதன் பரிந்துரைகள் அவசியமானவை. சட்டம் தன் வேலையைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் கயிற்றை அறுத்த பிறகு அந்த மணிக்கட்டுக்கு உரியவன் யார் என்ற கேள்வி மிஞ்சி நிற்கிறதே, அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

பதில் வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் இருக்கிறது. எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும் குழந்தைகளிடம் குடும்பத்தைப் பற்றி 20 கேள்விகள் கேட்டுப் பார்த்தார்கள். அப்பாவும் அம்மாவும் எங்கே வளர்ந்தார்கள், எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் என்ன துன்பம் வந்தது என்பது போன்றவை. விடை தெரிந்த குழந்தைகளிடம் தன்மதிப்பும் மன உறுதியும் கூடுதலாக இருந்தன. அதிலும், ஏற்றமும் இறக்கமும் கலந்து சொல்லப்படும் குடும்பக் கதையே அதிகம் தாங்குகிறது என்பது டியூக்கின் கருத்து. நம் மேடைக் கதைகளில் இறக்கமே கிடையாது. எல்லாரும் ஆண்டவர்கள், எல்லாரும் வென்றவர்கள். சிவகிரிப் பக்கத்து வீடுகளில் உள்ள கதைகளோ வேறு மாதிரியானவை. கேரளத்துக்குக் கூலிவேலைக்குப் போய் வந்த தாத்தா, புளியங்குடி எலுமிச்சைத் தோப்பில் முள் கிழித்த கையோடு பிள்ளைகளைப் படிக்கவைத்த ஆச்சி, சங்கரன்கோவில் விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்த்த அப்பா, திருப்பூருக்குப் போன அக்கா. இவர்களுடைய வாழ்க்கையில் தோல்வி உண்டு, கடன் உண்டு, அடுத்த சாதிக்காரர் உதவிய நாளும் உண்டு. அந்தக் கடைசி விஷயத்தைப் பிள்ளைகள் மேடையில் கேட்கவே மாட்டார்கள். வீட்டுத் திண்ணையில்தான் கேட்க முடியும். கேட்கும் பிள்ளைக்கு மட்டும் இதில் பலன் என்று நினைக்க வேண்டாம். வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது முதுமையின் பிதற்றல் அல்ல, மனம் செய்தாக வேண்டிய இயல்பான வேலை என்று மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-லேயே எழுதினார். சொல்ல ஆளிருந்தும் கேட்க ஆளில்லாத முதியவர்கள் நம் ஊர்களில் ஏராளம்.

பிள்ளைகளைத் தம் கதையை எழுதவைப்பதைப் பள்ளிகள் கவனமாகச் செய்ய வேண்டும். ஒரு பிள்ளையின் காயத்தை வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டுவது கொடுமை. எழுதியதற்கு மதிப்பெண் போடக் கூடாது. எழுதியவர் சம்மதமில்லாமல் யாருக்கும் காட்டக் கூடாது. விரும்பாதவருக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். ஆசிரியர்களை முதலில் கேட்கப் பழக்க வேண்டும். பெரிய நிதியோ அரசாணையோ இதற்குத் தேவையில்லை. மாதம் ஒரு தமிழ்ப் பாடவேளையை ஒதுக்கினால் போதும்.

தென்காசி மாவட்டத் தலைமையாசிரியர்களிடமும் தமிழாசிரியர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த ஆகஸ்ட் வருவதற்குள் ஒன்பதாம் வகுப்பில் இதைத் தொடங்குங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் அவர் வாழ்க்கையைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அடுத்த மாதம், அவரவர் வாழ்க்கையை எழுதச் சொல்லுங்கள்.