பேபி கார்ன் என்று தனியாக ஒரு பயிர் கிடையாது

பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி விற்கும் அந்த விரல் நீளப் பிஞ்சுகளைப் பார்த்து, "இது ஏதோ சீமைப் பயிர், நம்ம மண்ணில் வராது" என்று நினைக்கிறவர்கள் உத்திரமேரூரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். புழக்கடையில் இரண்டு சென்ட் சும்மா கிடக்கும். கேட்டால், "அதுக்குத் தனி விதை வேணுமாமே சார்" என்பார்கள். யார் சொன்னது? விதைப் பாக்கெட் விற்கிறவர் சொல்லியிருப்பார்.

மக்காச்சோளக் கதிரைப் பிஞ்சில் ஒடித்தால் பேபி கார்ன். பால் பிடிக்க விட்டால் சுட்டுத் தின்னும் கதிர். முற்ற விட்டால் கோழித் தீவனம். செடி ஒன்றுதான், ஒடிக்கிற நாள்தான் வேறு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு ரகம் வெளியிட்டிருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்கலாம். உண்மைதான். ஏக்கர் கணக்கில் போட்டுச் சந்தைக்கு அனுப்புகிறவருக்கு அது பிரயோஜனம். கிணற்றடியில் முப்பது செடி வைக்கிற பென்ஷன்காரனுக்கு எதற்கு? நான் தீவனக் கடையில் அரைக் கிலோ வாங்கினேன். பத்து மணியை ஈரத்துணியில் கட்டிப் பார்த்தேன். எட்டு முளைத்தது. ஊன்றிவிட்டேன்.

முற்றிய கதிர் வேண்டுமென்றால்தான் கஷ்டம். மகரந்தம் சரியாக விழ, செடிகளை நெருக்கமாகப் பல வரிசை வைக்க வேண்டும். பிஞ்சுக்கு மகரந்தமே வேண்டாம். வேலியோரம் ஒற்றை வரிசை போதும். உச்சியில் ஆண் பூ தலை நீட்டியதும் உருவிப் போட்டுவிடுங்கள். ஐம்பது நாள் வாக்கில் கதிர் நுனியில் பட்டு மாதிரி முடி எட்டிப் பார்க்கும். அன்றோ, மறுநாளோ, மிஞ்சினால் மூன்றாம் நாளோ, காலை வெயில் ஏறுமுன் ஒடித்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் பருக்கட்டுமே" என்று ஆசைப்பட்டால் நடுத்தண்டு நாராகிவிடும். இந்த மூன்று நாள் கணக்கு எந்தப் பாக்கெட்டிலாவது தமிழில் அச்சாகியிருக்கிறதா? நான் வாங்கிப் பார்த்த எதிலும் இல்லை. வண்ணப் படம் மட்டும் பெரிதாக இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் விதைக்காதீர்கள். வேரில் தண்ணீர் நின்றால் மக்காச்சோளம் தாங்காது. நான் பொங்கல் கழித்துத்தான் ஊன்றுவது. 2018-இல் கர்நாடகத்தில் தென்பட்டு இங்கும் வந்துவிட்ட படைப்புழு குருத்துக்குள் ஒளிந்திருக்கும். முப்பது செடிக்கு மருந்து எதற்கு? தினமும் குருத்தை விரித்துப் பார்த்துப் பொறுக்கி நசுக்கினால் போயிற்று.

வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைக் காட்டி, குடவோலை கண்ட ஊர் என்று மார்தட்டுகிறோம். அதே பராந்தகன் காலக் கல்வெட்டில் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியமும் இருப்பதை யாரும் பேசக் காணோம். (அந்தச் சபையார் மக்காச்சோளத்தைக் கண்டதில்லை. அது அமெரிக்காவிலிருந்து பல நூறு வருஷம் கழித்து வந்தது.) தோட்டத்துக்கென்று வாரியம் வைத்த ஊர் இன்று புழக்கடையில் சிமென்ட் பூசிவிட்டு, டப்பா எப்போது வரும் என்று கடை வாசலில் நிற்கிறது.

ஒரு செடிக்கு இரண்டு மூன்று பிஞ்சுதானே, கட்டுப்படியாகுமா என்பது அடுத்த கேள்வி. பிஞ்சை மட்டும் எண்ணினால் ஆகாதுதான். ஆனால் ஒடித்து முடித்த பிறகும் தட்டை பச்சையாகவே நிற்கிறது. உரித்த தோலும் அந்தத் தட்டையும் எதிர்வீட்டு மாட்டுக்குப் போகின்றன. பதிலுக்கு இரண்டு கூடை சாணம் வருகிறது. அதை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்?