ஒரே எண்ணில் இரண்டு பேர்

தபால் இலாகாவில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முகவரிக் குழப்பம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அது என் வீட்டுக்குள்ளேயே வந்து, ராத்திரி 11 மணிக்குக் கதவைத் தட்டும் என்று நினைத்ததில்லை.

போன வருடம் என் மனைவி குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தாள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அதற்குப் பிறகுதான் கூடத்தில் ஒரு கேமரா மாட்டச் சொன்னான். தூங்கப் போகுமுன் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுப் படுப்பது அவன் வழக்கம். அன்றைக்குப் பார்த்தால் படம் வரவில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கிறான். நான் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். பதறிப்போய் எதிர்வீட்டு ஆச்சி மகனை எழுப்பிவிட்டான்.

"ஐயா, ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க? தம்பி அழாத குறையாப் பேசுறாரு" என்று அவர் கைலியோடு வந்து நின்றபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் கேமரா மாட்டியவருக்குப் போன் செய்தேன். "ரூட்டரை ஒருக்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார், சரியாயிரும்" என்றார். சரியாயிற்று. அடுத்த மின்தடை நாளன்று மறுபடியும் அதே கதை. இப்படி மூன்று முறை. நடுவில் ஒருநாள் கேமரா நன்றாக ஓடியது, டி.வி.யில் படம் சுற்றிக்கொண்டே நின்றது. ஒன்று ஓடினால் மற்றது படுத்துவிடும். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

நம் பக்கத்தில் பேரனுக்குப் பாட்டனார் பெயர் வைப்பது வழக்கம். அதனால் ஒரே தெருவில் நாலு சிதம்பரம், மூன்று முத்தையா இருப்பார்கள். நகரத்தார் கடிதங்களில் பெயருக்கு முன்னால் வரும் விலாச எழுத்துகளைத்தான் தபால்காரர் முதலில் பார்ப்பார். அந்த எழுத்துகள் இல்லாமல் வெறும் பெயரோடு கடிதம் வந்தால், பழைய தபால்காரர் எழுத்தைப் பார்த்தே யாருக்கென்று சொல்லிவிடுவார். அவர் லீவில் போய் மாற்று ஆள் வந்த அன்றைக்குத்தான் ஒருவர் கடிதம் மற்றவர் வீட்டுக்குப் போகும். 1972 ஆகஸ்டு 15 அன்று பின்கோடு வந்ததும் இந்த மாதிரிக் குழப்பத்தைக் குறைக்கத்தான். ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தாலும் 630001 என்று எழுதிவிட்டால் கடிதம் காரைக்குடிக்குத்தான் வரும்.

வீட்டு வைஃபையிலும் இதே ஏற்பாடுதான். போன், டி.வி., கேமரா, லேப்டாப் ஒவ்வொன்றுக்கும் ரூட்டர் ஒரு எண் கொடுக்கிறது. அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். உலகத்தில் மொத்தம் சுமார் 430 கோடி எண்கள்தான் என்பதால், வீட்டுக்குள் மட்டும் புழங்க சில எண்களை ஒதுக்கி 1996-ல் விதி செய்தார்கள். உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், என் வீட்டிலும் இருக்கலாம். தெருவுக்குத் தெரு 5-ஆம் நம்பர் வீடு இருப்பதுபோல. ஒரே வீட்டுக்குள் இரண்டு 5 இருந்தால்தான் வம்பு.

என் வீட்டில் இருந்தது அதுதான். ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டி, அதிலேயே எழுதியிருந்த கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனேன். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் 5-க்கு நேராக டி.வி. இருந்தது. கேமராவைக் காணோம். கேமராவின் செயலியில் பார்த்தால் அதுவும் 5 என்கிறது. மாட்டிய தம்பி அந்த எண்ணைக் கையாலேயே கேமராவில் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். ரூட்டருக்கு அது தெரியாது.

சந்தேகம் தீர இன்னொன்று செய்தேன். கேமராவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப்பில் 'பிங்' என்ற கட்டளையால் 192.168.1.5-ஐக் கூப்பிட்டேன். பதில் வந்தது. ஆள் ஊரில் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளே இருந்து "யாரது?" என்று குரல் வந்த மாதிரி!

மின்தடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கரண்டு போனதும் இன்வெர்ட்டர் ஏற்கும் அந்த ஒரு நொடியில் ரூட்டர் அணைந்து திரும்ப எழுகிறது. எழும்போது பழைய பதிவேடு கையில் இல்லை, லீவுக்கு வந்த மாற்று ஆள் மாதிரி. இன்வெர்ட்டரில் ஓடும் டி.வி. எண் கேட்கிறது. இன்வெர்ட்டர் இணைப்பில்லாத கேமரா அணைந்து கிடப்பதால் 5 காலி என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறது. கரண்டு வந்ததும் கேமரா தன் 5-ஐப் பிடித்துக்கொண்டு எழுகிறது. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால், அந்த எண்ணில் ஆள் இருப்பதைப் பார்த்து டி.வி.க்கு வேறு எண் போகிறது. அதனால்தான் சரியானது போல் இருந்தது. சரியாகவில்லை, தள்ளித்தான் போயிற்று.

ஒரு கருவி எண்ணை எடுத்துக்கொள்ளுமுன் "இதில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்று 2008-லேயே முறை வகுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கேட்கும், மோதினால் திரையில் சொல்லவும் செய்யும். கேமரா, டி.வி. வகையறாக்கள் பல வாயைத் திறப்பதில்லை. நமக்குத் தெரிவதெல்லாம் "நெட் வரல".

தீர்வு பத்து நிமிட வேலை. ரூட்டர் 100 முதல் 199 வரை மட்டும் தானாகக் கொடுக்கட்டும் என்று எல்லை வைத்தேன். கையால் கொடுக்கும் எண்கள் அதற்குக் கீழே. கேமரா 5-லேயே இருக்கிறது, இனி யாரும் அங்கே வரமாட்டார்கள். இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் பிறவி அடையாளமாக ஒரு எண் இருக்கிறது, மேக் முகவரி என்பார்கள். விலாச எழுத்து மாதிரி. 'இந்த விலாசத்துக்கு எப்போதும் இந்த எண்' என்று ரூட்டரிலேயே பதிந்துவிடலாம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. கனத்த சுவரைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு வைஃபை போவதில்லை என்று பலர் இரண்டாவது ரூட்டர் வைக்கிறார்கள். கேபிளில் இணைத்த இரண்டு ரூட்டரும் தனித்தனியே எண் வழங்கினால், ஒரே ஊருக்கு இரண்டு தாசில்தார் பட்டா கொடுத்த மாதிரி ஆகிவிடும். முதல் ரூட்டர் மட்டும் எண் கொடுக்கட்டும். இரண்டாவதில் அந்த வேலையை நிறுத்திவிட்டு, அதன் சொந்த எண்ணையும் மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் எழுதுவது கம்ப்யூட்டர் பாடம் நடத்த அல்ல. என் ஆதங்கம் வேறு. "பெரியவங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்" என்கிறார்கள் மாட்ட வரும் பிள்ளைகள். நம் ஊரில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில், இங்கே கிழவனும் கிழவியும் மட்டும்? கடல் கடந்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேமராதான் நிம்மதி. தண்ணீர்க் குழாய் போட்டவர் வால்வு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போவதுபோல, கேமரா மாட்டுபவரும் என்ன எண் கொடுத்தேன் என்று ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். கேட்டு வாங்குவது நம் உரிமை. சீட்டு கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள்.

கை வைத்தால் கெட்டுவிடாதா என்று என் மனைவியே கேட்டாள். நியாயமான பயம்தான். மாற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். தப்பினால் பழையபடி வைத்துவிடலாம். வீட்டில் எல்லாமே ஒன்றாகப் படுத்துவிட்டால் அது வெளி லைன் கோளாறாக இருக்கும், அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள். ஒன்றிரண்டு கருவி மட்டும் மாறி மாறிப் படுத்தால் எண் மோதலைச் சந்தேகப்படுங்கள்.

எங்கள் வீட்டுச் சுவிட்ச் பெட்டிக் கதவின் உட்புறம் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கேமரா 5, பிரிண்டர் 6, பின்கட்டு ரூட்டர் 2. அதற்குப் பிறகு மின்தடை இரண்டு முறை வந்து போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் தூக்கம் கெடவில்லை.