காசு கொடுத்தால்தான் கதையா?

சிவகாசியில் தாளுக்குப் பஞ்சமில்லை. 1920களின் தொடக்கத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டியின்மேல் ஒட்டப் படம் வேண்டியிருந்தது. படத்துக்காக அச்சகம் வந்தது. அச்சகத்தைத் தொடர்ந்து நாள்காட்டியும் நாட்குறிப்பும் நோட்டுப் புத்தகமும் வந்தன. இந்நாட்டின் எந்த மூலையில் தொங்கும் நாள்காட்டியிலும் சிவகாசியின் பெயரைக் காண வாய்ப்புண்டு. இத்தனை இயந்திரங்கள் ஓடும் வட்டாரத்தில், பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் எழுதிய பத்துக் கதைகள் அச்சேற வழியில்லை என்றால், குறை எங்கே இருக்கிறது?

அவர் என் பங்கைச் சேர்ந்தவர். சரம் பின்னும் வேலை. அச்சகங்கள் கழித்துப்போடும் தாளை எடைக்கு வாங்கி, ஒருபுறம் சாமி படமும் மறுபுறம் வெறுமையுமாய் இருக்கும் அத்தாள்களின் வெறும் பக்கத்தில் எழுதுவார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அக்கட்டை என்னிடம் கொண்டுவந்தார். "சாமி, நல்லாருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். "பார்க்கிறேன் அம்மா" என்று வாங்கித் திருமுழுக்குப் பதிவேடுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். எட்டு மாதங்கள் கழித்து அவர் மீண்டும் கேட்ட பிறகே படித்தேன். கதைகள் நன்றாக இருந்தன. ஒன்றைத் தவிர மற்றவற்றைப் பாராட்டினேன். அந்த ஒன்று, வெடி விபத்தில் இறந்தவன் வீட்டுக்கு இழப்பீடு பேச வரும் ஆலை முதலாளியைப் பற்றியது. அதை மட்டும் விட்டுவிடலாமே என்றேன். காரணத்தை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்கள் திருவிழா மலரின் பின்னட்டை விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்பது பங்கு மக்கள் எல்லார்க்கும் தெரியும்.

என்னிடமிருந்து போனவர், "உங்கள் படைப்பை நூலாக்குகிறோம்" என்ற ஒரு விளம்பரத்தை நம்பிச் சென்றார். அவர்கள் கேட்டது முப்பத்திரண்டாயிரம் ரூபாய். தோட்டை அடகு வைத்தார். முந்நூறு படிகள் என்றார்கள்; நாற்பது வந்தன. பக்கத்துக்குப் பக்கம் அச்சுப்பிழை. அவரிடம் கையொப்பம் வாங்கிய தாளிலோ, நூலின் உரிமை முழுவதும் பதிப்பகத்தாருக்கே என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு நிறைவு, அந்த முதலாளி கதையை அவர் விடவில்லை. என் சொல்லைக் கேளாமல் போனாரே என்று இப்போது மகிழ்கிறேன்.

சிவகாசி மக்களுக்கு ஒரு வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. கூலி வாங்கிக்கொண்டு அச்சிட்டுக் கொடுப்பவர் அச்சகத்தார். படைப்பைப் படித்து, தேர்ந்து, திருத்தி, தம் பொருளை முதலாகப் போட்டு, விற்று, எழுதியவர்க்குப் பங்கு தருபவர் பதிப்பாளர். முன்னவர் செய்வது நேர்மையான தொழில். அதில் இழுக்கேதும் இல்லை. கூலியை வாங்கிக்கொண்டு உரிமையையும் எழுதி வாங்குகிறாரே, அவருக்கு என்ன பெயர்? வீடு கட்டக் கூலி வாங்கிய கொத்தனார் வீட்டுப் பத்திரத்தையும் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டால் ஊர் சும்மா இருக்குமா? புத்தகம் என்றதும் மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறோம்?

அறியாமையால்தான். ஆகவே சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்திலும் கையொப்பத்திலும் இருந்தால்தான் செல்லும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, ஆசிரியர்க்கு என்ன தொகை என்பவை அதில் குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே சட்டம் கொள்கிறது. நம் சகோதரியின் தாளில் காலம் குறிக்கப்படவில்லை. "முழுவதும்" என்ற சொல்லைக் கண்டு அவர் ஆயுளுக்கும் அஞ்சியிருந்தார். இன்னொன்று: நூலுக்குரிய பன்னாட்டுத் தர எண்ணை நம் நாட்டில் நடுவண் அரசின் கல்வி அமைச்சகத்தின்கீழ் உள்ள முகமை கட்டணமின்றியே வழங்குகிறது. தாமே நூல் வெளியிடும் ஆசிரியரும் அதைப் பெறலாம். அந்த எண்ணுக்கென்று அவரிடம் தனியே இரண்டாயிரம் வாங்கியிருக்கிறார்கள்!

சொந்தப் பணத்தில் நூல் வெளியிடுவதே இழிவு என்று நான் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். 'எழுத்து' இதழை நடத்திய சி. சு. செல்லப்பா, 'சுதந்திர தாகம்' என்ற தம் பெருநாவலைத் தள்ளாத வயதில், 1997இல் தாமே வெளியிட்டார். மறு ஆண்டு காலமானார். 2001இல் அந்நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆனால், தாம் செய்வது இன்னதென்று அவர் அறிந்து செய்தார். ஏமாந்து செய்யவில்லை.

"தரமான எழுத்தாக இருந்தால் தானே மேலே வரும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என்னோடு குருமடத்தில் படித்த நண்பர் ஒருவரும் இதையே சொல்கிறார். தானே மேலே வருவது நீரில் போட்ட தக்கை மட்டுமே. நம் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சிறு கடை நடத்திய பொன்னுச்சாமியின் முதல் கதை 1972இல் 'செம்மலர்' இதழில் வந்தது. மேலாண்மை பொன்னுச்சாமி என்று பின்னர் நாடறிந்த அவருக்கு, 2007இல் 'மின்சாரப்பூ' தொகுதிக்காகச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மதுரையில் யாரோ ஒருவர், பெயரறியாத ஒரு கிராமத்துக் கடைக்காரர் அனுப்பிய உறையைப் பிரித்து இறுதிவரை படித்தார் என்பதில்தான் அந்த முப்பத்தைந்து ஆண்டுக் கதை தொடங்குகிறது. இதழ்தான் புதியவருக்கு முதல் வாசல். அங்கே காசு கேட்பதில்லை. பெரும்பாலும் கொடுப்பதும் இல்லை. ஆனால் படிக்கிறார்கள்.

நாம் படிக்கிறோமா?

1992இல் 'கருக்கு' வந்தது. வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்து, துறவற மடத்தைவிட்டு வெளியேறிய பாமா எழுதியது. மடத்துக்குள் தாம் கண்ட சாதியை, வசதியை, பாசாங்கை, எழுத்துத் தமிழுக்குப் பூச்சுப் பூசாமல் தம் தெருவின் பேச்சிலேயே எழுதினார். அதை வெளியிட்டது புகழ்பெற்ற இலக்கியப் பதிப்பகம் ஒன்றும் அன்று. மதுரையில் இயேசு சபையினரின் சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம். திருச்சபையைச் சுடும் நூலைத் திருச்சபையின் கையொன்றே அச்சுக்குக் கொடுத்தது. முதலில் அவர் ஊராரே சினந்தார்கள். சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. 2000இல் அது ஆங்கிலத்தில் வந்து பரிசும் பெற்றபின், நாமெல்லாம் 'நம் பாமா' என்று மேடைகளில் உரிமை கொண்டாடினோம். பரிசு பெற்ற பின் கொண்டாடுவதற்கு எந்தத் துணிவும் வேண்டியதில்லை. கையெழுத்துப் படியாக அது மேசைமேல் கிடந்தபோது துணிந்தவர்களே துணிந்தவர்கள்.

நம் மேசைகளில் இன்று என்ன கிடக்கிறது? வெள்ளிவிழா மலர்கள். அருள்பணியாளர்களின் கவிதைத் தொகுதிகள். ஆயர்தம் ஆசியுரை, முதன்மைக் குருவின் வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை எல்லாம் கடந்து கவிதைக்கு வருவதற்குள் வாசகர் களைத்துப்போகிறார். நான் பிறரைப் பழிக்கவில்லை. என் குருத்துவ வெள்ளிவிழாவுக்கு நானும் ஒன்று போட்டேன். பங்கு மக்கள் பணம் திரட்டினார்கள். ஆயிரம் படிகள். எவரும் தரம் பார்க்கவில்லை. எவரும் ஒரு வரியைத் திருத்தச் சொல்லவில்லை. அவற்றில் அறுநூறு இன்னும் பங்கு இல்லத்து மாடிப்படியின்கீழ் கட்டுக்கட்டாய்க் கிடக்கின்றன. அந்தப் பணத்தில் சரம் பின்னுகிறவர் எத்தனை பேர் தந்தது என்று எண்ணினால் நெஞ்சு உறுத்துகிறது.

தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களுள் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' நம்முடையது. தமிழின் முதல் நாவலை, 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் பொதுநிலையினர். கிறித்தவத் தமிழ்த்தொண்டு என்று தலைப்பிட்டு ஆண்டுக்கொரு முறை இவற்றை ஒப்பித்துவிட்டு, வாசலில் நிற்கும் வேதநாயகங்களை அடுத்த மாதம் வரச்சொல்கிறோம்.

எரேமியா நூலின் முப்பத்தாறாம் அதிகாரத்தைக் குருமடத்தில் படித்தபோது, அரசன் யோயாக்கிம் மட்டுமே எனக்குக் கண்ணில் பட்டான். ஏட்டுச்சுருள் வாசிக்கப்பட வாசிக்கப்பட, கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்டவன். ஆனால் அவன் அதைக் கேட்டுவிட்டாவது எரித்தான். எட்டு மாதம் அலமாரியில் பூட்டி வைத்தவனை எந்த இறைவாக்கினரும் எழுதவில்லை. அதே அதிகாரத்தில் பாரூக்கு மீண்டும் உட்கார்ந்து முழுவதையும் எழுதுகிறார். முன்னைவிடக் கூடுதலாகவே எழுதுகிறார். நம் சகோதரியும் இப்போது எழுதுகிறார். கதைகள் பதினான்காகிவிட்டன. அச்சுத் தொழில்நுட்பம் மாறிவிட்டதால் ஐம்பது படிகள்கூட அச்சிடலாம்; அடுத்த நூலைத் தாமே போடுவதாகச் சொல்கிறார்.

அதற்கு முன், புதிய கதைகளுள் ஒன்றை இவ்விதழின் ஆசிரியர்க்கு இக்கட்டுரையுடனேயே அனுப்பியுள்ளேன். அவர் கையெழுத்திலேயே, நாள்காட்டித் தாளிலேயே, என் பரிந்துரைக் கடிதம் எதுவும் இல்லாமல். ஆசிரியர் அதை வெளியிடலாம். காரணம் எழுதித் திருப்பியும் அனுப்பலாம். அது அவர் உரிமை. படிக்காமல் அலமாரியில் வைத்தார் என்று தெரிந்தால் மட்டும், பேருந்து பிடித்து நேரில் வருவேன்.